குறிப்பு எழுதுவதை நிறுத்திய மாதம்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்களுக்குச் சரக்கு அனுப்புபவர்கள் தரும் கணக்கையும் எங்கள் பேரேட்டில் உள்ள கணக்கையும் மாதந்தோறும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத தொகைகளுக்குக் காரணம் கண்டுபிடித்து, மாத இறுதியில் அறிக்கையாக மேலாளருக்கு அனுப்புவது என் பொறுப்பு. அந்த அறிக்கையின் அடியில், யாரும் கேட்காமலேயே, நான்கைந்து வரிகளில் ஒரு குறிப்பு எழுதுவேன். எந்த விலைப்பட்டியல் இருமுறை பதிவாகியிருப்பதுபோல் தெரிகிறது, எந்த நிலுவை தொண்ணூறு நாளைத் தாண்டியும் அசையாமல் கிடக்கிறது, யாருடைய கணக்கில் எண்கள் இடம் மாறி விழுந்திருக்கின்றன என்பன போன்ற சிறு விஷயங்கள்தான். அதை எழுத அரை நாள் பிடிக்கும். வேலைப் பட்டியலில் அது இல்லை. ஆனால் அதை எழுதி முடித்த பிறகுதான் மாதம் முடிந்ததாக எனக்குத் தோன்றும்.

பிறகு பக்கத்து மேசைக்காரர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவர் பார்த்துவந்த கணக்குகளில் பாதி, ஒரு சொல்கூட விளக்கம் இல்லாமல், ஒரு திங்கட்கிழமை காலை என் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. முதலில் நேரில் சென்று சொன்னேன். ‘பார்க்கலாம்’ என்றார் மேலாளர். இரண்டு வாரம் பொறுத்து மின்னஞ்சலில் எழுதினேன்; எத்தனை கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அட்டவணை போட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த ஆண்டின் செயல்திறன் மதிப்பீட்டில் மட்டும் ஒரு வரி வந்தது: ‘மாற்றங்களை எதிர்மறையாக அணுகுகிறார்.’ அதைப் படித்த மாதத்தின் அறிக்கையில் நான் குறிப்பு எழுதவில்லை.

இதில் கவனிக்கவேண்டியது, அந்த அறிக்கையில் ஒரு குறையும் இல்லை என்பதுதான். எண்கள் சரியாக இருந்தன. குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமும் அப்படியே. குறிப்பு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் திருந்திவிட்டேன், பக்குவப்பட்டுவிட்டேன் என்றுகூட மேலாளர் நினைத்திருக்கலாம். ஏனென்றால் அதன் பிறகு நான் எதைப் பற்றியும் முறையிடவில்லை. ஏழாவதோ எட்டாவதோ மாதத்தில் ஒரே விலைப்பட்டியல் இரண்டு தேதிகளில் பதிவாகியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், கவனக்குறைவால் விட்டுவிடவில்லை. என் வேலை மீதித்தொகையை ஒப்பிடுவது. அந்தப் பதிவைச் சரிபார்க்க வேண்டியவர் வேறொருவர். யாரும் கேட்கவில்லையே என்று எண்ணிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்தப் பணம் இருமுறை போயிற்று. வாங்கியவரே நேர்மையாகத் திருப்பியனுப்பியதால் விஷயம் பெரிதாகவில்லை.

அதை நினைத்து எனக்குப் பெருமையும் இல்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் முழுதாக வெட்கப்படவும் முடியவில்லை. அந்த இடைப்பட்ட நிலையைப் புரிந்துகொள்ளும் முயற்சியில்தான், வேலையில் மனம் கசந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த விஷயத்தில் பெரும்பாலானோர் தொடங்கும் இடம், ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட ஒரு சிறிய நூல். ஒரு நிறுவனமோ அமைப்போ தரம் தாழும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன என்றார் அவர்: ஒன்று விலகிப் போவது, மற்றது குரல் கொடுப்பது. எந்த வழியை ஒருவர் எடுப்பார் என்பதைப் பற்று என்ற மூன்றாவது ஒன்று தீர்மானிக்கிறது. பற்று இருப்பவர் உடனே கிளம்பிவிடாமல் தங்கி, சொல்லிப் பார்ப்பார். ஹிர்ஷ்மனை இந்தச் சிந்தனைக்குத் தள்ளியது அலுவலகம் அல்ல, நைஜீரியாவின் ரயில்வே. வடக்கே விளையும் நிலக்கடலையைச் சுமார் எண்ணூறு மைல் தொலைவில் உள்ள துறைமுகங்களுக்குக் கொண்டு செல்ல ரயில்தான் மலிவாகவும் வசதியாகவும் இருந்திருக்கவேண்டும். ஆனால் சரக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அது நடக்கவில்லை. ரயில்வேயின் குறைகளால் அதிகம் பாதிக்கப்பட்டு, அதனால் அதிகம் சத்தம் போட்டிருக்கக்கூடியவர்கள்தான் முதலில் லாரிக்கு மாறிப் போனார்கள். வருமானம் குறைந்தாலும் அரசின் கருவூலம் தாங்கிக்கொண்டது. கூச்சல் போட ஆள் இல்லாததால் ரயில்வே நிம்மதியாகச் சீரழிந்தது.

இதை ஓர் அலுவலகத்துக்குள் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். தரம் குறைந்தால் யாருக்கு முதலில் உறுத்தும்? வேலையை நன்றாகத் தெரிந்தவருக்கு. வெளியே வேறு வேலை யாருக்கு எளிதில் கிடைக்கும்? அதே ஆளுக்கு. ஆகவே இடித்துரைக்கக்கூடியவர் முதலில் போய்விடுகிறார். அவர் போனதும் கூட்டங்கள் சுமுகமாக நடக்கத் தொடங்குகின்றன. சுமுகத்தைப் பார்த்து நிர்வாகம் நிலைமை தேறிவிட்டது என்று முடிவு செய்கிறது. நான் வேலை பார்த்த இடங்களில் குறைந்தது இரண்டில் இது அச்சு அசலாக நடந்தது.

இவற்றைத் தவிர இன்னொரு வழியும் உண்டு; அதை ஹிர்ஷ்மன் பெரிதாகப் பேசவில்லை. அது வேறொரு திசையிலிருந்து வந்தது. காரில் ரஸ்பல்ட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் காதல் உறவுகளில் மனக்கசப்பு வரும்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். பிரிந்து போகிறவர்கள் இருந்தார்கள், பேசித் தீர்க்க முயல்கிறவர்கள் இருந்தார்கள், எல்லாம் சரியாகும் என்று காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள்; இந்தக் காத்திருப்பைத்தான் இவர்கள் பற்று என்றார்கள். இவற்றோடு, பிரியவும் செய்யாமல் பேசவும் செய்யாமல் உறவைத் தன்பாட்டில் வாடவிடுகிறவர்களும் இருந்தார்கள். இந்தக் கடைசி வகைக்குப் புறக்கணிப்பு என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே டான் ஃபேரல் என்பவர் இதே நான்கையும் வேலையிடத்துக்குப் பொருத்திப் பார்த்தார். 1988இல் ரஸ்பல்ட்டும் ஃபேரலும் வேறு இருவரும் சேர்ந்து அதை விரிவாக்கினார்கள். காதலைப் பற்றிய ஆய்விலிருந்து அலுவலகத்துக்கு ஒரு சொல் வந்ததில் எனக்கு வியப்பில்லை. வேலையில் மனம் விட்டுப்போன ஒருவரையும் வீட்டில் மனம் விட்டுப்போன ஒருவரையும் கொஞ்ச நேரம் கவனித்தாலே போதும். இருவரும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்கள்.

இந்த நான்கையும் இரண்டு கோடுகளால் பிரித்து வைத்திருக்கிறார்கள். செயலாற்றுவதா, சும்மா இருப்பதா என்பது ஒரு கோடு. ஆக்கமா, அழிவா என்பது இன்னொன்று. குரல் கொடுப்பது செயலும் ஆக்கமும். காத்திருப்பது சும்மா இருந்தாலும் ஆக்கம். விலகுவது செயல், ஆனால் அழிவு. புறக்கணிப்பு இரண்டிலும் மோசம். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு ஆக்கம், எதற்கு அழிவு என்ற கேள்வியை எழுப்பாமல் என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. உறவின் ஆயுளை அளவுகோலாக வைத்தால்தான் வேலையை விடுவது அழிவு. விடுகிறவரின் உடம்பையும் உறக்கத்தையும் அளவுகோலாக வைத்தால், அவர் அந்த ஆண்டில் செய்த ஒரே ஆக்கமான காரியம் ராஜினாமாக் கடிதமாகவும் இருக்கலாம்.

இன்னொரு குறையும் உண்டு; எனக்கு அதுதான் முக்கியம். இந்தப் படத்தைப் பயிற்சி வகுப்புகளில் விளக்கும்போது, ஊழியர்களில் நான்கு ரகம் உண்டு என்பதுபோலச் சொல்லிவிடுகிறார்கள்: இவர் குரல் கொடுப்பவர், அவர் ஏனோதானோ ஆசாமி, அந்த அம்மாள் விசுவாசி என்று. நான் ஒரே நிறுவனத்தில், ஒரே நாற்காலியில், ஒன்றரை ஆண்டுக்குள் நான்காகவும் இருந்திருக்கிறேன். முதலில் எல்லாம் சரியாகிவிடும் என்று பொறுத்தேன். பிறகு சொன்னேன். சொன்னது எடுபடாதபோது கையைக் கட்டிக்கொண்டேன். கடைசியில் போனேன். ரஸ்பல்ட் குழுவினரின் ஆய்விலேயே இதற்கான விடை ஓரளவு இருக்கிறது. முன்பு திருப்தியாக இருந்தவர்கள், அந்த வேலையில் தங்களுடையது என்று நிறைய இட்டு வைத்தவர்கள், கசப்பு வரும்போது குரல் கொடுக்கவும் காத்திருக்கவும் முனைகிறார்கள். வெளியே நல்ல வாய்ப்பு இருப்பவர்கள் விலகவும் குரல் கொடுக்கவும் முனைகிறார்கள். அதாவது நாம் எதைச் செய்வோம் என்பது பிறவிக் குணத்தைவிட நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இடம் மாறினால் செயலும் மாறும்.

இந்த வரிசையில் எல்லாவற்றையும் முடிவு செய்யும் இடம் முதன்முதலாகக் குரல் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதே என்று நான் நம்புகிறேன். கேட்டது கிடைத்ததா இல்லையா என்பது அவ்வளவு பெரிய விஷயமல்ல. எனக்கு அந்தக் கணக்குகளைக் குறைக்க முடியாது என்று மேலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், ஏன் என்று விளக்கியிருந்தால், கோபம் வந்திருக்கும். ஆனால் குறிப்பு நின்றிருக்காது. ‘பார்க்கலாம்’ என்பதும், அதன் பின் வந்த மதிப்பீட்டு வரியும் சேர்ந்து எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தன: இங்கே வாயைத் திறந்தால் பயன் இல்லை என்பது மட்டுமல்ல, நஷ்டமும் உண்டு.

விளக்கம் சொல்வதற்கு எவ்வளவு பலன் இருக்கிறது என்பதற்கு ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஒரே நிறுவனத்தின் ஆலைகளில், ஒப்பந்தங்களை இழந்ததால் பத்து வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 விழுக்காடு பிடிக்கவேண்டிய நிலை வந்தது. ஓர் ஆலையில் தலைவர் நேரில் வந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இன்னோர் ஆலையில் கால் மணி நேரத்தில் செய்தியைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆலையில் சம்பளம் பிடிக்கப்படவில்லை. ஆலைகளிலிருந்து பொருள்கள் காணாமல் போவதைக் கணக்கெடுத்தபோது, சம்பளம் குறைந்த இரு ஆலைகளிலும் திருட்டு கூடியிருந்தது; ஆனால் சரியாக விளக்கம் சொல்லாத ஆலையில் அது மிக அதிகமாக இருந்தது. குறைந்த சம்பளம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றேகால் மணி நேரப் பேச்சும் ஒரு மன்னிப்பும்தான் வேறுபாடு. சம்பளம் பழைய நிலைக்குத் திரும்பியதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. திருடர்கள் திடீரென்று பிறந்து, திடீரென்று மறைந்தார்கள் என்றா சொல்வது? கையாலாகாத கோபம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போயிற்று என்றுதான் எனக்குப் படுகிறது. நான் எடுத்துக்கொண்டு போனது அந்த அரை நாளை.

புறக்கணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தாமதமாக வருகிறவரும், அடிக்கடி விடுப்பு எடுக்கிறவரும், அலைபேசியில் விளையாடுகிறவரும் நினைவுக்கு வருகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கண்ணில் பட்டுவிடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கண்ணில் படாத புறக்கணிப்பு ஒன்று இருக்கிறது. விதிப்படி வேலை என்ற போராட்ட முறையைத் தொழிற்சங்கங்கள் உலகின் பல இடங்களில் கையாண்டிருக்கின்றன: கையேட்டில் உள்ள ஒவ்வொரு விதியையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவது, அதற்கு மேல் ஒன்றும் செய்யாதிருப்பது. ரயிலும் தபாலும் சுங்கமும் அதனால் திணறிப்போயிருக்கின்றன. விதியை மீறாமல் இருப்பதே வேலைநிறுத்தமாக ஆகிறதென்றால், அந்த இடம் அதுவரை விதியால் ஓடவில்லை என்றுதானே பொருள்? யாரும் கேட்காமல் செய்யப்படும் ஆயிரம் சின்னக் காரியங்களால் ஓடியிருக்கிறது. மனம் கசந்த தனியாள் ஒருவர் ஒப்புக்குச் செய்யத் தொடங்கும்போது நடப்பது இதே போராட்டம்தான். கொடியும் கோஷமும் இல்லை, அவ்வளவே. 2022வாக்கில் இணையமெங்கும் ‘க்வயட் க்விட்டிங்’, அதாவது சத்தமில்லாமல் விலகுவது, என்று ஒரு பேச்சு அடிபட்டது. பெயர் புதிது. வேலை என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து இது இருந்திருக்கவேண்டும்.

அந்தப் பெயர்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. சம்பளம் கொடுக்கப்படும் வேலையை மட்டும் செய்துவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவரை விலகிவிட்டவர் என்று அழைப்பது, உபரியாகத் தரப்பட்டதைக் கடனாக மாற்றிவிடும் தந்திரம். என் குறிப்பை நிறுத்தியது குற்றமா என்று கேட்டால் இல்லை என்பேன். கண்ணெதிரே பார்த்த இரட்டைப் பதிவைச் சொல்லாமல் விட்டது குற்றமா என்றால் கொஞ்சம் தயங்குவேன். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. கசப்பில் இருக்கும் மனிதர் அதை எப்போது தாண்டினோம் என்று அறிவதில்லை.

காத்திருப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரை விசுவாசி என்று நிறுவனங்கள் கொண்டாடுகின்றன. இருபது ஆண்டுப் பணிக்குக் கேடயம் கொடுக்கின்றன. மைக்கேல் விதி என்பவரும் வில்லியம் கூப்பரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கொண்டாட்டத்தின் மேல் சந்தேகத்தைக் கிளப்பியது: பற்று என்று பெயரிட்டு அளந்தது பல இடங்களில் ஆதரவாக அல்ல, மாட்டிக்கொண்ட நிலையாகவே தெரிகிறது என்பது அவர்கள் கவனித்தது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, வயது, வேறெங்கும் செல்லுபடியாகாத தேர்ச்சி ஆகிய நான்கில் இரண்டு சேர்ந்தாலே ஒருவர் விசுவாசியாகிவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் நம்பிக்கையோடு காத்திருப்பவரும், போக இடமின்றி அமர்ந்திருப்பவரும், உள்ளுக்குள் எப்போதோ கைவிட்டுவிட்டவரும் ஒரே மாதிரி அமைதியாகத்தான் இருப்பார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் பழமொழிகளிலேயே மேலாளர்களுக்கு மிகவும் வசதியானது.

அந்த வசதி எங்கிருந்து வருகிறது என்பதை எலிசபெத் மாரிசனும் ஃப்ரான்சிஸ் மில்லிகனும் 2000இல் எழுதிய கட்டுரையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: மேலே இருப்பவர்களின் மூன்று நம்பிக்கைகளிலிருந்து. ஊழியர்கள் தன்னலக்காரர்கள், நம்ப முடியாதவர்கள். எது நல்லது என்பது நிர்வாகத்துக்குத்தான் தெரியும். ஒற்றுமையும் உடன்பாடும் ஆரோக்கியத்தின் அடையாளம், கருத்து வேறுபாடு நோயின் அடையாளம். இந்த மூன்றையும் மேலே இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. மனத்தில் வைத்திருந்தாலே போதும், கீழே இருப்பவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிறகு பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற பேச்சு தேநீர் இடைவேளைகளில் மட்டும் நடக்கும்.

குரல் கொடுப்பதற்கு ஆகும் செலவு குறைந்தால் குரல் கூடும். இது எளிய கணக்கு. ஆனால் செலவைக் குறைப்பது எளிதல்ல. டொயோட்டா ஆலைகளில் வரிசையில் நிற்கும் தொழிலாளி குறையைக் கண்டால் இழுப்பதற்கு ஒரு கயிறு உண்டு. இழுத்ததும் விளக்கு எரியும், குழுத் தலைவர் வருவார், உரிய நேரத்துக்குள் தீராவிட்டால் வரிசை நிற்கும். அங்கே குறை சொல்வது தைரியசாலியின் வேலை அல்ல, அன்றாட வேலை. தொழிற்சங்கம் வேறொரு விதத்தில் இதையே செய்கிறது: ஒருவர் பேசினால் அவர் பெயர் தெரியும், நூறு பேர் சேர்ந்து பேசினால் தெரியாது. ரிச்சர்ட் ஃப்ரீமன், ஜேம்ஸ் மெடாஃப் என்ற பொருளியல் அறிஞர்கள் 1984இல் எழுதியபோது, சங்கம் உள்ள இடங்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைவாக இருப்பதைக் காட்டி, அதற்குக் கூடுதல் சம்பளம் மட்டும் காரணமல்ல, கூட்டாகப் பேச ஒரு வழி இருப்பதும் காரணம் என்று வாதிட்டார்கள். எங்கள் கணக்குப் பிரிவில் கயிறும் இல்லை, சங்கமும் இல்லை. ஆலோசனைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

காலம் சுழன்று, வேறொரு நிறுவனத்தில், நானே எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை ஏற்றேன். அந்தக் குழுவில் ஒரு பெண் இருந்தார். ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் எதையாவது மறுப்பார். புதிய படிவத்தில் இந்தக் கட்டம் எதற்கு, இந்தத் தேதிக்குள் முடிக்கமுடியாது என்று தெரிந்தும் ஏன் ஒப்புக்கொண்டீர்கள், போன மாதம் சொன்னதற்கு இது முரணாக இருக்கிறதே என்று கேட்பார். அவர் கேட்டதில் பாதிக்கு மேல் சரியாக இருக்கும். அதுதான் கூடுதல் எரிச்சல். கூட்டம் அரை மணியில் முடியவேண்டியது முக்கால் மணிக்கு இழுக்கும். என் சொந்தக் கதையை இத்தனை ஆண்டுகள் சுமந்துகொண்டிருந்த நான், அவரை எப்படி நடத்தினேன் என்று நினைக்கிறீர்கள்? ‘நல்ல விஷயம், தனியாகப் பேசுவோம்’ என்பேன். தனியாகப் பேசமாட்டேன். ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை நான் ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்பது உண்மைதான். அதைவிட மரியாதையான ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன்.

ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை நிறுத்தினார். எந்த வாரம் என்று என்னால் சொல்லமுடியாது. ஏனென்றால் ஒருவர் பேசத் தொடங்கும் நாள் நினைவில் நிற்கும், பேசாமல் போன நாளுக்குத் தேதி இல்லை. கூட்டங்கள் அரை மணியில் முடிந்தன. அவருடைய வேலை எப்போதும்போல் நன்றாகவே இருந்தது. குறித்த நாளில் வந்தது. அந்தக் காலாண்டு மதிப்பீட்டில் ‘குழுவோடு இணைந்து செயல்படுவதில் நல்ல முன்னேற்றம்’ என்று நான் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். மூன்று மாதம் கழித்து ராஜினாமாக் கடிதம் வந்தது.

உடனடிக் காரணம் என்று ஏதாவது இருந்திருக்கும். தாமஸ் லீயும் டெரன்ஸ் மிட்செலும் 1994இல் எழுதியதுபோல், வேலையை விடும் முடிவு பல நேரங்களில் கசப்பு சொட்டுச்சொட்டாகச் சேர்ந்து நிரம்பியதால் மட்டும் வருவதில்லை; ஏதோ ஓர் அதிர்ச்சி, எங்கிருந்தோ வந்த ஓர் அழைப்பு, பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்த பதவி உயர்வு, உட்கார்ந்து யோசிக்க வைக்கிறது. ஆனால் அந்த அதிர்ச்சி வருவதற்கு முன்பே அவர் போய்விட்டிருந்தார் என்பதை வேறு யாரையும்விட நான் அறிந்திருக்கவேண்டும். நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரத்தில், அவர் விட்டுச் செல்லும் கோப்புகளைப் பெற்றுக்கொள்ளும்போது, பழைய அறிக்கைகளைப் புரட்டினேன். முந்தைய ஆண்டின் அறிக்கைகளில் ஓரத்தில் கேள்விகள் இருந்தன. சிவப்பு எழுத்தில், சிறிதாக, ‘இந்த எண் எங்கிருந்து வந்தது?’ என்பதுபோல. பிந்தைய அறிக்கைகளின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன.

விலகுபவரிடம் கடைசியாகக் காரணம் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கம் பெரிய நிறுவனங்களில் உண்டு. குரல் கொடுக்க வழியே இல்லாத இடத்தில்கூட, இனி இழப்பதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில் ஒருவர் உண்மையைச் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு அதன் பின்னால் இருக்கிறது. இழப்பதற்கு இருக்கிறது. அனுபவச் சான்றிதழ் இன்னும் கைக்கு வந்திருக்காது; கணக்கு இன்னும் தீர்ந்திருக்காது; நாளை எங்காவது நம்மைப் பற்றி விசாரித்து இங்கேதான் தொலைபேசி வரும். நான் அந்த முதல் நிறுவனத்தை விட்டுப் போனபோது, மனிதவளத் துறை கொடுத்த படிவத்தில் காரணத்துக்கென்று இருந்த கட்டம் ஏழெட்டு வரி எழுதும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ‘மேலான வாய்ப்பு’ என்று இரண்டு சொற்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெண்ணின் படிவம் மேலாளர் கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது. ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதியிருந்தார். மீதிக் கட்டம் வெறுமையாக இருந்தது. அவர் இன்னும் நான்கு நாள் அலுவலகத்தில் இருப்பார். எழுந்து போய்க் கேட்கலாம் என்று தோன்றியது. மாத இறுதி வேலை குவிந்து கிடந்தது. கீழே கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, வெளியே போகும் தட்டில் வைத்தேன்.